மண்டபத்து நீல வாளி

எங்கள் வீட்டு மிக்ஸி ஜாடியை நான் பாழாக்கியது ஹைட்ரஜனுக்காக.

ஆய்வுக்கூடத்து மிக்ஸி அன்றைக்குப் பழுது. ஞாயிற்றுக்கிழமை வேறு. பழைய சோறு, பீன்ஸ் காம்பு, முட்டைக்கோசின் மேல் இலை, வாழைப்பழத் தோல் எல்லாவற்றையும் மைசூர் மண்டி மொஹல்லாவில் இருக்கும் எங்கள் வீட்டுச் சமையல் மேடையில் வைத்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு அரைத்துக்கொண்டிருந்தேன். சந்தில் போகிற ஆட்டோக்காரர்கூடத் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வாடை. அம்மா வேலை முடிந்து உள்ளே வந்தாள். என்னைப் பார்த்தாள். ஜாடிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“ஏம்புள்ள, இந்தச் சட்னி யாருக்கு?”

“பாக்டீரியாவுக்கும்மா.”

“அவிங்களுக்கு உப்பு காரமெல்லாம் வேண்டாமாக்கும்?”

“உப்பு ஜாஸ்தியானா செத்துப் போயிரும்.”

“நல்ல கதையா இருக்குது. நாக்கே இல்லாத ஜென்மம்.”

ஜாடியை அம்மா புளி போட்டுத் தேய்த்தாள். எலுமிச்சைத் தோல் போட்டுத் தேய்த்தாள். மறுநாள் காலை தேங்காய்ச் சட்னியை வாயில் வைத்த அப்பா, கொஞ்சம் யோசித்துவிட்டு, “இது எனக்குச் செஞ்சதா, அவிங்களுக்குச் செஞ்சதா?” என்று கேட்டார். அன்றைக்கே புது ஜாடி வாங்கினோம். பழையதை அம்மா என் பையில் வைத்தாள். “உன்ற பாக்டீரியாவுக்கு நம்ம வீட்டுச் சீரு.”

அப்பாவும் அம்மாவும் ஹனூர் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்காக மைசூருக்கு வந்தவர்கள். அப்பாவுக்குச் சென்டரிங் வேலை. மைசூரில் பாதிக் கூரைக்குப் பலகை அடித்தது தான்தான் என்பார். பாதி இல்லாவிட்டாலும் விஜயநகரில் இரண்டு தெருவாவது அவர் கணக்கில் சேரும். அதே விஜயநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில்தான் அம்மாவுக்கு வேலை. இலை எடுப்பது, அண்டா கழுவுவது, கூடம் துடைப்பது. இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை. அப்பா பள்ளிக்கூடங்களுக்குள் போயிருக்கிறார், கூரை போடுவதற்கு.

நான் எம்.எஸ்ஸி. நுண்ணுயிரியல், முதல் வகுப்பு. இதை எழுத எனக்குக் கூச்சமே இல்லை. எங்கள் குடும்பத்தில் இதற்கு முன் யாரும் எழுதாத வரி இது.

படிப்பு முடிந்ததும் ஓர் ஆய்வுக்கூடத்தில் திட்ட உதவியாளராகச் சேர்ந்தேன். அங்கே செய்துகொண்டிருந்த வேலையை வீட்டில் விளக்கியபோது அப்பா நம்பவில்லை. அழுகிப்போகும் சோற்றையும் காய்கறியையும் காற்றுப் புகாத ஒரு ஜாடியில் அடைத்து வைக்க வேண்டும். உள்ளே சரியான நுண்ணுயிர்கள் இருந்தால், அவை அதைத் தின்றுவிட்டு ஹைட்ரஜன் வாயுவை விடும். அந்த வாயு எரியும். எரிந்தால் புகை வராது, கரி பிடிக்காது, தண்ணீர்தான் வரும்.

“எரிஞ்சா தண்ணி வருமா?” என்றார் அப்பா. “எனக்குப் படிப்பில்லைன்னு என்ன வேணா சொல்லுவயா?”

சரியான நுண்ணுயிர்களைப் பிடிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. பசுஞ்சாணியைக் கரைத்து அரை மணி நேரம் கொதிநீரில் வைப்போம். சாணிக்குள் ஹைட்ரஜனை உண்டாக்குகிறவையும் இருக்கும், உண்டான ஹைட்ரஜனை உடனே தின்று தீர்த்துவிடுகிறவையும் இருக்கும். தின்கிறவை சூட்டில் செத்துப்போகும். உண்டாக்குகிறவற்றில் சில கெட்டியான ஓட்டுக்குள் சுருண்டு படுத்துக்கொண்டு தப்பிக்கும். சூடு தணிந்ததும் எழுந்து பசியோடு வேலை தொடங்கும். நல்ல குணம். இதைப் படித்த நாளிலிருந்தே எனக்கு அவற்றின்மேல் பிரியம்.

நான் சேர்ந்த புதிதில் அவற்றுக்குச் சர்க்கரைக் கரைசல்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் மேடம் கன்னடக்காரர், குரலை உயர்த்தாமலே எல்லாரையும் ஓட வைக்கிறவர். “சர்க்கரையில் யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள். எனக்கு ஊர்க் குப்பையில் எடுத்துக் காட்டு” என்று ஒருநாள் கன்னடத்தில் சொன்னார். கான்டீன் கழிவை முயன்று பார்த்தோம். அதில் டீத்தூளும் எலும்பும் காகிதமும் கலந்து வந்தன. நான் கையைத் தூக்கினேன். “மேடம், எனக்கு ஓர் இடம் தெரியும். தினமும் விருந்து நடக்கும். பிரித்துக் கொடுக்க ஆளும் இருக்கிறது.”

அப்படித்தான் நீல வாளி வந்தது.

அம்மாவிடம் ஒரு தடவைதான் சொன்னேன். சாம்பார் படாத சோறு, காய்கறி நறுக்கல், பழத்தோல் வேண்டும். எலுமிச்சை, ஊறுகாய், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். அம்மா எழுதி வைக்கவில்லை, எழுதத் தெரியாது, ஆனால் ஒருநாளும் தவறவில்லை. காலை ஏழு மணிக்கு ஸ்கூட்டரில் மண்டபத்தின் பின்வாசலுக்குப் போவேன். மூடி போட்ட வாளி காத்திருக்கும். அங்கே இருக்கிற சமையல்காரர் பேச்சில் கெட்டிக்காரர், அவரும் எங்கள் ஹனூர் பக்கம்தான். என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிடுவார்.

“வாங்க டாக்டரம்மா. பன்னி எல்லாம் சௌக்கியமா?”

“பன்னி வளக்கலைங்கண்ணா.”

“அப்புறம் எதுக்கு நெதமும் ஒரு வாளி? சும்மா சொல்லுங்க, எத்தனை பன்னி?”

“கோடிக்கணக்குல இருக்குது அண்ணா, கண்ணுக்குத்தான் தெரியாது” என்று உள்ளேயிருந்து அம்மா கத்துவாள்.

வாளி ஆய்வுக்கூடத்துக்குப் போனதும், பின்பக்கத் தொட்டியருகே நானே அரைத்து, சிறு பைகளில் கட்டி உறைபெட்டியில் வைப்பேன். என்னோடு வேலை செய்கிற தோழி அக்ரஹாரத்துப் பெண். மேலுக்கோட்டை வம்சம், வீட்டில் ஒரு தினுசான பழைய தமிழ் பேசுகிறவர்கள். அவள் தமிழுக்கு நான் சிரிப்பேன், என் தமிழுக்கு அவள் சிரிப்பாள், இருவரும் சண்டை போடக் கன்னடத்துக்குப் போய்விடுவோம். கொதிக்க வைக்கும் சாணியை அவள்தான் கொண்டுவருவாள்.

“எங்காத்துக்கு எதிர்த்தாப்ல கோயில் மாடு நிக்கறது. பிரசாதம்னு நெனைச்சுக்கோ” என்று டப்பாவை நீட்டுவாள்.

முதல் தடவை ஹைட்ரஜனுக்குத் தீ வைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பத்து லிட்டர் ஜாடியிலிருந்து ஒரு குழாய் காரத் தண்ணீருக்குள் போகும். வாயுவோடு வருகிற கரியமில வாயுவை அந்தத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். மீதி வாயு, தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்து வைத்த கண்ணாடி உருளைக்குள் ஏறும். ஏற ஏற உள்ளேயிருக்கும் தண்ணீர் மட்டம் இறங்கும். அதை அளவுக்கோடு பார்த்து எழுத வேண்டும். அன்று அந்த வாயுவை ஒரு சோதனைக்குழாயில் பிடித்து, வாயைக் கட்டை விரலால் மூடி, தோழி தீக்குச்சியைக் கிட்டே கொண்டுவந்ததும் விரலை எடுத்தேன். பட்டென்று ஒரு சத்தம். ஊசிவெடியைவிடச் சின்னது. நாங்கள் இரண்டு பேரும் போட்ட கூச்சல்தான் பெரிது. மேடம் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் மேடம் கூப்பிட்டார்.

“மூன்று வாரத்தில் ஒரு குழு பார்க்க வருகிறது. அவர்கள் வருவதற்கு முந்தைய ஐந்து நாளும் உன் ஜாடி நிற்காமல் வாயு தர வேண்டும். கல்யாணக் கழிவில் மட்டும். தந்தால் உன்னை ஆராய்ச்சி மாணவியாக எடுக்கலாம், பி.எச்.டி. இடம் உண்டு. தராவிட்டால் திட்டம் முடிகிறது. நானும் சர்க்கரைக்கே திரும்பிவிடுவேன்.”

திட்டம் முடிந்தால் என் வேலையும் முடிகிறது. நஞ்சன்கூடு பக்கம் ஓர் ஊறுகாய்க் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை வருவதாக இருந்தது. மோசமான வேலை இல்லை. ஆனால் பி.எச்.டி. என்ற மூன்று எழுத்தை நான் ஏற்கெனவே மனதுக்குள் என் பெயரோடு சேர்த்துப் பலமுறை எழுதிப் பார்த்திருந்தேன்.

வீட்டில் சொன்னேன். அப்பா, “வெடிச்சுக் கிடிச்சு வெக்காத” என்றார். அம்மா வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

“பெரியவங்களா வாராங்க?”

“ஆமாம்மா.”

“நம்ம வாளியப் பாப்பாங்களா?”

“பாத்தாலும் பாப்பாங்க.”

அம்மா தலையை ஆட்டினாள். தோழியும் மறுநாளே அத்தை மகள் கல்யாணத்துக்காக மேலுக்கோட்டைக்குப் போய்விட்டாள். பத்து நாள் நான் மட்டும்தான்.

நான்காம் நாள் உருளையில் தண்ணீர் மட்டம் பாதிதான் இறங்கியிருந்தது. ஐந்தாம் நாள் கால்வாசி. ஆறாம் நாள் காலையில் போய்ப் பார்த்தபோது, நேற்று மாலை விட்ட இடத்திலேயே நின்றது. எங்கோ கசிகிறது என்று நினைத்து ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட இல்லை. புளிப்பின் அளவை இரண்டு கருவியில் பார்த்தேன். சரியாக இருந்தது. சூடும் சரி. ஜாடியைக் காலி செய்து, கழுவி, நானே அக்ரஹாரத்துக்குப் போய் அந்தக் கோயில் மாட்டின் பின்னால் டப்பாவோடு நின்று, சாணி வாங்கி வந்து, கொதிக்க வைத்து, முதலிலிருந்து தொடங்கினேன். இரண்டு நாள் லேசாகக் குமிழி வந்தது. அப்புறம் அதுவும் நின்றுபோனது.

மேடம் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு, “எதை மாற்றினாய்?” என்று கேட்டார்.

“எதையும் மாற்றவில்லை மேடம்.”

“ஏதோ மாறியிருக்கிறது. நுண்ணுயிர்கள் பொய் சொல்லாது.”

அது உண்மை என்று தெரிந்ததால்தான் பயம் வந்தது. ஸ்கூட்டரில் போகும்போதெல்லாம் ஊறுகாய் ஞாபகமாகவே இருந்தது.

பதினோராம் நாள் காலையில் தோழி வந்தாள். கைநிறைய மருதாணி, டப்பா நிறையப் புளியோதரை. நான் கதையெல்லாம் சொல்லிக்கொண்டே வாளியின் மூடியைத் திறந்தேன். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினாள்.

“என்னடி இது, இப்படிப் பினாயில் நெடி அடிக்கறது?”

“பினாயிலா? எங்கே?”

“வாளிலதான். கண்ணெல்லாம் எரியறது எனக்கு.”

நான் குனிந்து முகர்ந்தேன். சோறு, வாழைப்பழம், லேசான புளிப்பு. “எனக்கு ஒண்ணும் தெரியலயே.”

“ஜலதோஷமா?”

“இல்லையே.”

“சத்தியமாத் தெரியலயா? ஆஸ்பத்திரி வராந்தா மாதிரின்னா இருக்கு!”

மறுபடி குனிந்தேன். அப்போதும் எனக்கு அது அம்மா கொண்டுவந்த வாளி மாதிரிதான் இருந்தது. அந்த நினைப்பிலேயே நின்றேன். அம்மா வீட்டுக்குள் வரும்போது வருகிற வாசம். சிறுவயதில் அவள் மடியில் முகம் புதைத்துத் தூங்கியபோது இருந்த வாசம். அவள் கட்டிக்கொடுத்த சாப்பாட்டு டப்பாவின் வெளிப்பக்கம், என் பள்ளிச் சீருடையை அவள் மடித்து வைத்த அலமாரி, எல்லாவற்றிலும் இருந்த வாசம். மண்டபத்துக் கூடத்தைத் தினமும் பினாயில் ஊற்றித் துடைக்கிறவளின் மகளுக்கு, பினாயிலுக்கென்று தனியாக ஒரு வாசனை கிடையாது.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் பறந்தேன். வழியெல்லாம் கோபம். எப்படிக் கேட்பது, என்ன வார்த்தை சொல்வது என்று திட்டம் போட்டுக்கொண்டே போனேன். பின்வாசலில் வண்டியை நிறுத்தியபோது அம்மா குழாயடியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பினாயில் பாட்டில். மண்டபத்தில் எனக்கென்று இருந்த மற்றொரு நீல வாளியை மடியில் சாய்த்து வைத்து, உட்புறத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். குழந்தைக்குக் காது துடைப்பதுபோல அவ்வளவு பதமாக. வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“அம்மா, வாளிக்குப் பினாயில் ஊத்துறயா?”

“பின்ன? நெதம் ஒரு மூடி.” அம்மாவின் முகமெல்லாம் பெருமை. “பெரியவங்க வாராங்கன்னு நீ சொன்னயில்ல, அன்னையிலிருந்து. பாரு, எப்படிப் பளபளன்னு இருக்குது!”

“ஊத்திட்டுக் கழுவிருவயா?”

“கழுவுனா அதோட சத்து போயிராதா?”

கவிழ்த்து வைத்திருந்த அண்டாமேல் உட்கார்ந்தேன். “அம்மா, ஜாடியில இருந்த பாக்டீரியா எல்லாம் செத்துப் போச்சு.”

“செத்தா நல்லதுதான?”

“நான் வளக்கறதும்மா அது. அது உயிரோட இருந்தாத்தான் வாயு வரும்.”

அம்மாவின் கையிலிருந்த துணி நின்றது. “நான் சோத்துலயா ஊத்துனேன்? வாளிக்குத்தான ஊத்துனேன்?”

“வாளியில ஒட்டியிருக்கறதே போதும்மா. அதுக அவ்வளவு பொடிசு.”

அம்மா வாளிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “வாரவங்க மூடியத் தொறந்து பாத்து, அதுல ஒரு புழு நெளிஞ்சா உனக்குத்தான கேவலம்னு நெனச்சேன் கண்ணு. குப்ப பொறுக்கறவ மக, குப்பையத்தான் கொண்டாந்துருக்கறான்னு ஆயிரக்கூடாதுன்னு.”

நான் அவள் மடியிலிருந்த வாளியை வாங்கித் தரையில் வைத்தேன். அந்த நேரம் பார்த்து அவளுக்கு வேறொன்று உறைத்தது.

“அது சரி, பதினோரு நாளா உனக்கு வாசந் தெரியலயாக்கும்? தெருவுக்கே தெரியுமே!”

“தெரியலம்மா.”

“எம்.எஸ்ஸி. படிச்ச மூக்கு!”

“நீ வந்தாலே வர்ற வாசந்தான அது. நான் எப்படித் தனியாக் கண்டுபிடிக்கறது?”

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். தன் கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். சேலைத் தலைப்பை முகர்ந்தாள். அவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது, மறுபடி முகர்ந்தாள். அப்புறம் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தாள். நானும் சிரித்தேன். சத்தம் கேட்டுச் சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்தார்.

“என்னாச்சு?”

“பன்னியெல்லாம் செத்துப் போச்சுங்கண்ணா” என்றாள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு. “நாந்தேன் கொன்னுபோட்டேன், அத்தனை கோடியையும்!”

சிரித்து முடித்ததும் கணக்குப் போட்டோம். குழு வருவதற்குப் பத்து நாள். பதினோரு நாளாக உறைபெட்டியில் சேர்த்த பைகள் எல்லாம் பினாயில் பட்டவை, ஒன்றும் உதவாது. அதற்கு முந்தைய பைகள் ஏற்கெனவே தீர்ந்துவிட்டன. புதுக் கழிவு வேண்டும். ஆனால் அந்த வாரத்தோடு முகூர்த்தம் முடிகிறது. அடுத்து ஆஷாட மாதம். ஆஷாடத்தில் இங்கே யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள், மண்டபம் ஒரு மாதம் பூட்டிக் கிடக்கும். மிச்சம் இருந்தது ஒரே ஒரு கல்யாணம், நாளை மறுநாள். அந்த ஒரு கல்யாணத்துக் கழிவை வைத்துத்தான் ஜாடியைத் தொடங்கி, ஐந்து நாள் ஓட்டியும் காட்ட வேண்டும்.

அன்று சாயங்காலமே அம்மா மூன்று புது வாளி வாங்கினாள். அதே நீலம். பழையவற்றோடு கலந்துவிடாமல் இருக்க, ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் ஒரு சிவப்புத் துணியைக் கிழித்துக் கட்டினாள். வெந்நீர் தவிர வேறெதையும் காட்டவில்லை.

கடைசிக் கல்யாணத்துக்கு நானும் போனேன். கூட்டமான கூட்டம். சோற்றைவிடப் பிசிபேளே பாத்துக்குத்தான் அன்று கிராக்கி, அதில் எண்ணெயும் மசாலாவும் இருப்பதால் எனக்கு ஆகாது. இலையிலிருந்து வருவதை எல்லாம் ஒதுக்கிவிட்டு அம்மா சமையற்கட்டு வாசலிலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். அண்டாவின் அடிச்சோறு, பூசணித் தோல், கேரட் முனை, வாழைப்பழத் தோல். பந்தி முடிந்து மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

“போதும்மா, சாப்பிட வா.”

“சும்மா இரு புள்ள. கொன்னவளே பொழைக்க வெக்கோணும்.”

மூன்று வாளியும் விளிம்புவரை நிரம்பின. சமையல்காரர், பெண் வீட்டாருக்காக எடுத்து வைத்திருந்த பழக்கூடையிலிருந்து கொஞ்சம் கனிந்துபோன வாழைப்பழச் சீப்பு ஒன்றைத் தானே கொண்டுவந்து மேலே வைத்தார். “டாக்டரம்மா பன்னிக்கு என்ற மொய்யி.”

தோழி புது சாணியோடு காத்திருந்தாள். கொதிக்க வைத்தோம், ஆற வைத்தோம், ஜாடியில் ஊற்றினோம், காற்றை வெளியேற்றினோம், மூடினோம். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் காலையிலும் இல்லை. மத்தியானம் நாங்கள் ஜாடிக்கு முன்னால் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, குழாயின் முனையில் ஒரு குமிழி வந்து ஒட்டிக்கொண்டு நின்றது. நாங்கள் மூச்சு விடவில்லை. அது பிரிந்து மேலே போனது. பின்னாலேயே இன்னொன்று.

“முழிச்சுண்டுடுத்து!” என்று தோழி கத்தினாள். அவள் தட்டிலிருந்த புளியோதரை தரையில். மூன்றாம் நாள் உருளையில் இரண்டு தடவை தண்ணீர் நிரப்பி வைக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து ஐந்து நாளும் ஒருநாள்கூட வாயு குறையவில்லை. உறைபெட்டியில் கடைசிப் பை மட்டும் மிஞ்சியது.

குழு வருகிற அன்று அம்மாவையும் வரச் சொன்னேன்.

“நான் எதுக்கு? நான் வந்து நின்னா அங்க இருக்கறதெல்லாம் செத்துப் போயிரும்.”

“கழிவு எங்கிருந்து வருதுன்னு கேப்பாங்க. யாரக் காட்டுறது நான்?”

மண்டபத்தில் ஒரு கல்யாண வீட்டார் மனமுவந்து கொடுத்த பச்சைப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டாள். கிளம்பும் முன் கையை என் மூக்கருகே நீட்டினாள். “பினாயில் வாசம் வருதா பாரு.”

“தெரியலம்மா.”

“உங்கிட்டப் போயிக் கேட்டேன் பாரு.” அப்பாவிடம் போய் நீட்டினாள். அப்பா முகர்ந்துவிட்டு, “எனக்கும் பழகிப் போச்சே” என்றார்.

வந்தவர்கள் மூன்று பேர். குறிப்பேட்டைப் பார்த்தார்கள், இடையில் அளவு சரிந்த இடத்தில் விரலை வைத்து என்ன காரணம் என்று கேட்டார்கள். உள்ளதை உள்ளபடி சொன்னேன், பினாயில் என்று. என் மூக்கைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவர்களில் ஓர் அம்மையார் நேராக அம்மாவிடம் திரும்பி, கன்னடத்தில், எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று கேட்டார். அம்மாவுக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. எது வேண்டும், எது ஆகாது, சாம்பார் பட்ட சோற்றை எப்படி நிறத்திலேயே கண்டுபிடிப்பது, வாளியை ஏன் வெந்நீரில் மட்டும் அலச வேண்டும் என்று அண்டா கழுவுகிற வேகத்தில் சொல்லிக்கொண்டே போனாள். அந்த அம்மையார் பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார். அம்மா பேச, படித்த ஒருவர் எழுதுவதை நான் அன்றுதான் பார்த்தேன்.

பிறகு சோதனைக்குழாயில் வாயுவைப் பிடித்தேன். தீப்பெட்டியை அம்மாவிடம் கொடுத்தேன். மேடம் ஒரு விநாடி என்னைப் பார்த்தார், தடுக்கவில்லை. அம்மாவுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிவிட்டேன்.

“கிட்டக் கொண்டா. இன்னும் கிட்ட. ம்.”

பட்!

“அய்யோ சாமி!” அம்மா இரண்டடி பின்னால் குதித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். சுதாரித்துக்கொண்டு குழாயைப் பார்த்தவள், “அவ்வளவுதானா?” என்றாள். அப்புறம் கண்ணை இடுக்கினாள். குழாயின் உட்பக்கம் மெல்லிய பனி படர்ந்திருந்தது.

“இதென்ன, வேர்த்திருக்குது?”

“தண்ணிம்மா. எரிஞ்சா தண்ணி வரும்னு சொன்னேன்ல?”

அம்மா குழாயை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “உங்கப்பன் நம்பவே மாட்டாரு.” பிறகு, சமையற்கட்டில் வாழ்ந்தவள் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டாள். “ஒரு நாளைக்கு இந்த ஜாடியில வர்ற வாயுவுல என்ன சமைக்கலாம்?”

மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். “ஒரு டம்ளர் காப்பிக்குத் தண்ணி சுடும்மா.”

“ஒரு டம்ளரா! மூணு வாளி பொறுக்கி, பதினோரு நாள் அழுது, ஒரு டம்ளர் காப்பி!”

மேடத்துக்குத் தமிழ் கொஞ்சம் புரியும். அவர்தான் பதில் சொன்னார், கன்னடத்தில். “அம்மா, அதற்குத்தான் உங்கள் மகளை இங்கேயே வைத்துக்கொள்ளப் போகிறோம். ஒரு டம்ளரை ஓர் அண்டா ஆக்குவதற்கு.”

எனக்கு அதைப் புரிந்துகொள்ள இரண்டு விநாடி ஆனது. அம்மாவுக்கு ஆகவில்லை. அவள் கண்ணாடியைக் கழற்றாமலே என் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவளிடமிருந்து வந்த வாசம் என்னவென்று அப்போதும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஆஷாடம் முடிந்து மண்டபம் திறந்த முதல் முகூர்த்தத்தன்று, ஆராய்ச்சி மாணவியாக முதல் தடவை வாளி எடுக்கப் போனேன். ஸ்கூட்டரை நிறுத்தும்போதே உள்ளே அம்மாவின் குரல் தெருவுக்குக் கேட்டது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண், கையில் பினாயில் பாட்டிலோடு, சிவப்புத் துணி கட்டிய வாளியின் முன்னால் திகைத்து நின்றுகொண்டிருந்தாள்.

“பேடா, பேடா, வேண்டாம்! அதத் தொடாதீங்க! கூடம், வாசல், அண்டா எல்லாத்தையும் சுத்தம் பண்ணுங்க, யாரு கேக்கப் போறா? அந்த நீல வாளி மட்டும் சுத்தமா இருக்கவே கூடாது!”